சுண்டன் படத்தில் ஏறிய ரம்பம்

சொன்ன எண் ஒவ்வொன்றும் சரி, சொன்ன சேதி மட்டும் தப்பு. இப்படியும் ஒன்று நடக்குமா? பொய்யே சொல்லாத ஒருத்தி, தன் கையால் ஒரு ஆளை அவன் நின்ற இடத்திலிருந்து இறக்கிவிட முடியுமா? நெடுந்துருத்து படகுத்துறை ரோசிலியின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி ஒரு ஜூலை மாதத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்கு முன் அவள் வாழ்க்கையில் கேள்வி என்று பெரிதாக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

படகுத்துறைக்கு நேர் எதிரே அவள் கடை. போட்டோ காப்பி, லேமினேஷன், விண்ணப்பம் நிரப்புதல், மின்கட்டணம். நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தாறு வயதில் சொன்னாள், அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. தட்டச்சு படித்தவள் என்பதால் விரல் ஓடும். கட்டம் கட்டமாய் எண் போடும் ஷீட்டைக் கம்ப்யூட்டரில் முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு அது பெரிதாய்ப் படவில்லை. அந்த எண்களை மவுசால் இழுத்துப் பிடித்து ஒரு பொத்தானை அமுக்கினால் அவை தூண்களாக எழுந்து நிற்கும் என்று தெரிந்த நாளில்தான் அதில் மயங்கி விழுந்தாள்.

அதன்பிறகு அவள் கையில் கிடைத்ததெல்லாம் தூணாகவும் கோடாகவும் ஆனது. வாத்து முட்டை மாதாமாதம் எத்தனை, ரேஷன் கடை திறந்த நாள் எத்தனை, மூடிய நாள் எத்தனை. ஒரு வருஷம் பள்ளியில், அதாவது மாதா கோவிலில், பாதிரியார் செய்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களின் நீளத்தை நிமிடக்கணக்கில் தூண்களாக்கி, யாரும் கேட்காமலே வாசலில் ஒட்டினாள். பாதிரியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "தவக்காலத்துத் தூண் மட்டும் ஏன் ரோசிலி சிவப்பா இருக்கு?" என்று கேட்டார். "அன்னிக்கு மூணு பேர் மயங்கி விழுந்தாங்க ஃபாதர்" என்றாள். அடுத்த ஞாயிறு பிரசங்கம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஊர் அவளை மதிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஆகவே படகு கிளப்பின் கேப்டன் தொம்மிச்சன் அந்த ஜூலையில் ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்ததில் அதிசயம் இல்லை. அறுபது வயது, பெரிய மீசை, சொந்தமாக இரண்டு நெல்வயல். ஊரின் நீளப் பந்தயப் படகான நெடுந்துருத்துச் சுண்டன் பதினோரு வருஷமாக ஆகஸ்ட் போட்டியின் இறுதிச் சுற்றைப் பார்த்ததில்லை. கடைசி வரை ஒட்டிக்கொண்டு போகும், முடிவில் யாராவது ஒரு மூக்கு நீளம் தாண்டிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், வீட்டில் ஒரு நோயாளி இருப்பதுபோல.

"ரோசிலி, இது பன்னிரண்டு நாள் பயிற்சி ஓட்டத்து நேரம். பள்ளிக் கடவுப் படித்துறைலேர்ந்து பம்ப் ஹவுஸ் வரைக்கும். இதை ஒரு வட்டப் படமாப் போட்டுக் குடு. கலர் கலரா, அப்பத்தைத் துண்டு போட்ட மாதிரி."

"அச்சாயா, நேரத்தை வட்டத்துல போட்டா ஒண்ணும் தெரியாது."

"நீ போடு. பாக்க அழகா இருக்கும்."

போட்டாள். பன்னிரண்டு துண்டும் ஒரே அளவில், பன்னிரண்டு நிறத்தில் வந்தது. தொம்மிச்சன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல எது நல்ல நாள், எது கெட்ட நாள்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"சரி, உன் இஷ்டத்துக்குப் போடு. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல காட்டணும்."

அவள் கோட்டுப் படம் போட்டாள். நாள் வரிசை கீழே, நேரம் பக்கவாட்டில். தொம்மிச்சன் எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே தட்டினாள்: 4.58, 5.01, 4.59, 5.02, 4.59, 5.01. இந்த ஆறு நாளும் நடுப்பலகையில் நின்று துடுப்புக்காரர்களுக்கு இடிகழியால் தாளம் இடித்தவர் வாசுக்குட்டன். அடுத்த ஆறு நாள் அவர் மகளின் பிரசவத்துக்காகக் கோட்டயம் போய்விட்டார். அவருக்குப் பதில் சிஜோ என்ற இருபத்துநாலு வயதுப் பையன் நின்றான், தொம்மிச்சனின் தங்கை மகன். அந்த நாட்கள்: 4.59, 4.58, 4.59, 4.58, 4.59, 4.58.

பொத்தானை அமுக்கியதும் திரையில் எழுந்ததைப் பார்த்து ரோசிலியே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். முதல் ஆறு நாளும் ரம்பப் பல். ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. அடுத்த ஆறு நாள் காற்றில்லாத காயல்போல மட்டமாக ஒரு கோடு. இவ்வளவு தெளிவாகப் பேசிய படம் அவள் வாழ்நாளில் போட்டதில்லை. பெருமையோடு பெரிய தாளில் அச்செடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை படகுக் கொட்டகை நிறைந்திருந்தது. சுண்டன் உள்ளே ஓலைப்பாயின் கீழ் படுத்திருந்தது, செருப்புகள் எல்லாம் வெளியே. பெண்கள் படகைத் தொடுவதில்லை, ரோசிலி படகைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே தாளை நீட்டினாள். தொம்மிச்சன் அதைத் தூணில் ஒட்டினார். நூறு ஆண்கள் ஒரு தாளை எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தப் பல்லு பல்லா இருக்கறது யாரு?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"வாசு," என்றார் தொம்மிச்சன் மெதுவாக, "கோவிச்சுக்காதே. கை ஒரு நாள் போல ஒரு நாள் இல்ல. வயசு யாரை விட்டுச்சு?"

வாசுக்குட்டனுக்கு ஐம்பத்தேழு வயது. பத்தொன்பது வருஷம் அந்தப் பலகையில் நின்றவர். வாதாடுவார், கத்துவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அவர் எழுந்து தாளுக்கு அருகே போய், கோட்டின்மேல் விரலை வைத்து, ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்கினார். பிறகு, "படத்துல இருக்கே" என்று மட்டும் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் போவதைச் சிஜோ தலையைக் குனிந்துகொண்டு பார்த்தான். வெற்றி பெற்றவனின் முகமாக அது இல்லை.

ரோசிலி அன்றிரவு சோற்றைத் தட்டிலேயே மூடி வைத்தாள். ஆனால் எண் தப்பில்லையே, தான் ஒன்றைக்கூட மாற்றவில்லையே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்த ஆறுதலில் எங்கோ ஒரு கல் தட்டியது.

செவ்வாய்க்கிழமை காலை படகுத்துறை மாஸ்டர் வந்தார். அரசுப் படகுகளின் புதிய நேரப் பட்டியல் அடிக்க வேண்டும்.

"பக்கத்துலயே ஒரு கட்டம் சேத்துக்கோ ரோசிலி. ஒரு படகுக்கும் அடுத்த படகுக்கும் எவ்வளவு இடைவெளின்னு. சனங்க கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கறாங்க."

அவள் நேரங்களைத் தட்டினாள். 4.10, 4.30, 4.50, 5.10. கீழதிலிருந்து மேலதைக் கழிக்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினாள். இருபது, இருபது என்று வந்தது. கடைசிக் கட்டத்தில் அறுபது என்று வந்தது.

"இது என்ன அறுபது?" என்றார் மாஸ்டர். "நாலு அம்பதுக்கு ஒரு படகு, அஞ்சு பத்துக்கு ஒரு படகு. நடுவுல இருபது நிமிஷம். என் பேத்தி சொல்லுவா."

ரோசிலி நிமிர்ந்து வெளியே பார்த்தாள். எதிரே துறையில் பழைய பலகை. கறுப்பில் வெள்ளை எழுத்து. 4.50, 5.10. முப்பது வருஷமாகப் பார்க்கிற பலகை. அந்தப் புள்ளியை மனிதர்கள் பார்த்தால் அறுபதோடு நின்று அடுத்த மணிக்குப் போய்விடுவார்கள். மெஷினுக்கு அந்தப் புள்ளி வேறு. அதற்கு நூறுவரை போக வேண்டும். தொம்மிச்சனின் தாளிலும் அதே புள்ளிதான், நிமிடத்துக்கும் செகண்டுக்கும் நடுவே. நாலு ஐம்பத்தொன்பதுக்கும் ஐந்து ஒன்றுக்கும் நடுவே இருப்பது இரண்டே செகண்ட். மெஷின் அதை நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டு, இல்லாத ஒரு மலையைக் கட்டிவிட்டது. வாசுக்குட்டனின் நாட்கள் ஐந்து நிமிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்தவை. சிஜோவின் நாட்கள் எல்லாம் இந்தப் பக்கமே. ரம்பம் அவ்வளவுதான்.

"என் மாதாவே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இதுக்கு எதுக்கு மாதாவைக் கூப்பிடறே? திருத்திக் குடு, போதும்."

மதியம் கடையைச் சாத்திவிட்டு, கடத்துத் தோணியில் அக்கரை போனாள். வாசுக்குட்டன் வாத்துப் பட்டிக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். புள்ளி, அறுபது, நூறு, படகுத்துறைப் பலகை. அவர் வலையின் முடிச்சைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீ நல்ல மனசுக்காரி ரோசிலி. எனக்காக ஒரு வழி தேடறே."

"வழி தேடல வாசுச்சேட்டா. தப்பு செஞ்சிருக்கேன்."

"தப்பு இல்ல." அவர் கையை அவள் முன்னால் நீட்டினார். விரல்கள் லேசாக நடுங்கின. "இதைப் பாரு. ஞாயித்துக்கிழமைலேர்ந்து இப்படித்தான். காலைல டீ கிளாஸ் பிடிச்சா ததும்புது. படம் முன்னாடியே கண்டுபிடிச்சிருச்சு, எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது."

ரோசிலிக்கு அப்போதுதான் பயம் வந்தது. படத்தைத் திருத்துவது எளிது. படத்தைப் பார்த்த பிறகு நடுங்கத் தொடங்கிய கையை எப்படித் திருத்துவது?

கடைக்கு வந்து எல்லா நேரத்தையும் செகண்டாக்கினாள். 298, 301, 299. மறுபடி படம் போட்டாள். ரம்பம் படுத்துவிட்டது. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை, கூட்டிப் பார்த்தாள். வாசுக்குட்டனுக்குச் சராசரி முன்னூறு. சிஜோவுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டரை. பையன்தான் ஒன்றரை செகண்ட் முந்தி. இதைத் தொம்மிச்சனிடம் காட்டினால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரை செகண்டில் ஒரு படகின் மூக்கே முன்னால் போய்விடும். தான் செய்த தப்பைத் திருத்தினாலும் தீர்ப்பு மாறாது.

பிறகுதான் பைலியின் பலகை நினைவு வந்தது.

பைலி கள்ளு ஷாப்பின் சமையல்காரன். பள்ளிக் கடவுக்கும் பம்ப் ஹவுசுக்கும் சரிபாதியில் அவன் ஷாப்பு. ஓட்டம் தொடங்க வெடி வெடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான். சுண்டன் தன் ஜன்னலைத் தாண்டும்போது மறுபடி பார்ப்பான். அதை மரவள்ளிக் கப்பையும் கரிமீனும் எழுதிய பலகையின் ஓரத்தில் சாக்கட்டியால் குறித்து வைப்பான், வாடிக்கையாளர்களோடு பந்தயம் கட்ட. கிளப்பில் யாரும் அதை மதித்ததில்லை. கள்ளு ஷாப்புக் கடிகாரத்தை எவன் நம்புவான்?

"பைலி, அந்தப் பலகையை அழிச்சிட்டியா?"

"கரிமீனை அழிச்சேன் சேச்சி, இன்னிக்குக் கிடைக்கல. மத்ததெல்லாம் இருக்கு. என்ன, நீங்களும் பந்தயத்துக்கு இறங்கிட்டீங்களா?"

"இறங்கிட்டேன்."

பன்னிரண்டு நாளின் பாதி நேரமும் அங்கே இருந்தது. இம்முறை அவள் கோடு போடவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு தூண், பக்கத்துப் பக்கத்தில். முதல் பாதிக்கு நீலம், இரண்டாம் பாதிக்குச் சிவப்பு. கீழே எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்படி தானே கையால் வைத்தாள், மெஷினை அதன் போக்கில் விடவில்லை. வாசுக்குட்டனின் நாட்களில் நீலமும் சிவப்பும் தோளுக்குத் தோள் நின்றன, அண்ணன் தம்பிபோல. சிஜோவின் நாட்களில் நீலம் குட்டை, சிவப்பு நெட்டை. பாதி வழிக்குப் பாய்ந்து போய், மீதி வழிக்குத் தவழ்ந்து வந்திருக்கிறார்கள்.

புதன்கிழமை மாலை கொட்டகைக்குப் போனாள். துடுப்புக்காரர்கள் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாப்பா அடுத்த படத்தோட" என்றான் ஒருவன். "சேச்சி, இன்னிக்கு யாரை அனுப்பப் போறீங்க?"

"இன்னிக்கு என்னைத்தான்" என்றாள் ரோசிலி. "அச்சாயா, ஞாயித்துக்கிழமை நான் ஒட்டுன படம் தப்பு. எண்ணு சரி, படம் தப்பு. எல்லார் முன்னாடியும் ஒட்டினேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அவள் படகுத்துறைப் பலகையைச் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது. நாலு ஐம்பது படகை விட்டுவிட்டு ஐந்து பத்துக்குக் காத்திருக்காதவன் அங்கே யாரும் இல்லை. பிறகு நீலத்தையும் சிவப்பையும் காட்டினாள்.

தொம்மிச்சன் மீசையைத் தடவினார். "இந்தப் பாதி நேரம் எங்க கிடைச்சுது?"

"பைலிகிட்ட."

சிரிப்பில் கஞ்சி சிந்தியது. "கள்ளு ஷாப்புலேர்ந்தா! வெடிச் சத்தம் அவன் காதுக்குப் போய்ச் சேரவே ரெண்டு செகண்ட் ஆகும். அதுக்கு மேல அவன் தலை சுத்தற நேரம் வேற."

"வாசுச்சேட்டனுக்கும் அதே ரெண்டு செகண்டுதான், சிஜோவுக்கும் அதே ரெண்டு செகண்டுதான் அச்சாயா. பைலி தலை பன்னிரண்டு நாளும் ஒரே மாதிரிதான் சுத்துச்சு."

தொம்மிச்சன் நியாயக்காரர்தான், ஆனால் எல்லோர் முன்னாலும் சட்டென்று வளைகிறவர் அல்லர். அப்போது சிஜோ கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"மாமா, அது உண்மைதான். நான் இடிச்சா ஆரம்பத்துல எல்லாருக்கும் ஆவேசம் வருது. கள்ளு ஷாப்பு தாண்டினதும் யாருக்கும் கை வரமாட்டேங்குது. எனக்கே வரமாட்டேங்குது. நான் சொல்லல, அவ்வளவுதான்."

"போட்டி நாள்ல காலைல ஒரு தடவை, ஜெயிச்சா சாயங்காலம் ஒரு தடவை" என்றார் தொம்மிச்சன் கடைசியில். "ரெண்டு தடவை துடுப்புப் போடணும். அதையே பாத்துடுவோம். நாளைக்கு நீ, நாளை மறுநாள் வாசு. ஒரே காலைல ரெண்டு ஓட்டம். ரோசிலி, செகண்டுல எழுது. புள்ளியே வேண்டாம்."

வியாழன் காலை சிஜோ நின்றான். முதல் ஓட்டம் 298. அரை மணி இளைப்பாறி இரண்டாவது, 319. கரைக்கு வந்த ஆட்கள் துடுப்பின்மேலேயே கவிழ்ந்து கிடந்தார்கள்.

வெள்ளி காலை வாசுக்குட்டனைக் கூப்பிட நாலு பேர் போனார்கள். வரமாட்டேன் என்றார். கை நடுங்குது என்று காட்டினார். சிஜோ அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆசானே, இடிகழி அஞ்சு கிலோ. அதைப் பிடிச்சா எந்தக் கைதான் நடுங்கும், சொல்லுங்க" என்றான். அதில் என்ன சாஸ்திரம் இருந்ததோ, வாசுக்குட்டன் சிரித்துவிட்டார். பலகையில் ஏறினார். முதல் இடிக்கு ஒரு கணம் தயங்கினார். பிறகு கழி விழுந்தது, நூறு துடுப்பும் ஒன்றாய் விழுந்தது. 300. அரை மணி கழித்து, 303.

பம்ப் ஹவுஸ் கரையில் நின்று எழுதிக்கொண்டிருந்த ரோசிலி, படம் போட வேண்டியதே இல்லை என்று தாளை மடித்தாள். அன்றைக்கு டீக்கடையில் வாசுக்குட்டனின் கிளாஸ் ததும்பவில்லை. அதை அவர் கவனித்தாரோ இல்லையோ, அவள் கவனித்தாள்.

ஆகஸ்ட் போட்டியில் நெடுந்துருத்துச் சுண்டன் இறுதிச் சுற்றுக்குப் போனது. சிஜோ முன்வரிசையில் துடுப்புப் போட்டான். கடைசி நூறு மீட்டரில் யாரும் அவர்களைத் தாண்டவில்லை, அவர்கள்தான் ஒரு படகைத் தாண்டினார்கள். மூன்றாம் இடம். மூன்றாம் இடத்துக்கு அவ்வளவு வெடி வெடித்த ஊர் வேறு இருக்காது. முதல் பரிசு வாங்கிய ஊர்க்காரர்களே ஆள் அனுப்பி, என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். பாதிரியார் பள்ளிமணியைத் தன் கையாலேயே அடித்தார். பைலி அன்று கப்பைக்கும் மீன் குழம்புக்கும் காசு வாங்கவில்லை. "கப்பை வேக எண்ணூறு செகண்ட், சேச்சி, பொறுங்க" என்றான். அது ஊரின் வழக்காகவே ஆகிவிட்டது. இப்போதும் படகுத்துறையில் யாராவது, அடுத்த படகு எப்போ என்று கேட்டால், "ஆயிரத்து இருநூறு செகண்ட்" என்று பதில் வரும், கண் ரோசிலி கடைப் பக்கம் போகும். அவள் உள்ளேயிருந்து, "எண்ணிக்கிட்டே நில்லு" என்பாள்.

கிளப்பார் அவளுக்குக் கண்ணாடிச் சட்டம் ஒன்று பரிசளித்தார்கள். தேக்கு மரம், பொன்னிற விளிம்பு. நீலமும் சிவப்புமான அந்தப் படத்தை அதில் போட்டுக் கடையில் மாட்ட வேண்டும் என்பது தொம்மிச்சனின் உத்தரவு. சட்டத்தை அவரே சுமந்து வந்து கொடுத்தார்.

மறுநாள் கடை திறந்தபோது சட்டம் மாட்டியாகிவிட்டது, கம்ப்யூட்டருக்கு நேர் மேலே, பொத்தானை அமுக்குமுன் அவள் நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில். உள்ளே இருந்தது ரம்பம். ஞாயிற்றுக்கிழமை தூணில் ஒட்டிய அதே தாள், மூலையில் பசையின் கறையோடு. நீலமும் சிவப்புமான படத்தைச் சாதாரண டேப்பால் கொட்டகைச் சுவரில் ஒட்டச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தொம்மிச்சன் வாசலில் நின்று கத்தினார். "தேக்குச் சட்டம்டீ! அதுல போய்த் தப்பான படத்தையா மாட்டுவே? வர்றவன் போறவன் என்ன நினைப்பான்?"

"நினைக்கட்டும் அச்சாயா."

"ஏன்னு கேக்கறேன்."

அவள் காப்பி மெஷினில் தாள் வைத்துக்கொண்டிருந்தாள். வாசுக்குட்டன் பேரக்குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு உள்ளே வந்தார். சட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பல், இரண்டு பல், கண்ணாலேயே ஏறி இறங்கினார். தொம்மிச்சன் இன்னும் வாசலிலேயே நின்றார்.

"ரெண்டு காப்பியா வாசுச்சேட்டா, மூணா?" என்றாள் ரோசிலி.